ஆய்வேட்டைக் கொடுக்க மனம் வரவில்லை: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஓர் ஆய்வு மாணவியின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்காவது ஆண்டு நடக்கிறது. முதல் இயலையே இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார். "எழுதிய வரைக்கும் கொண்டு வாம்மா" என்று நெறியாளர் பலமுறை கேட்டும் கொடுக்க மனம் வரவில்லை. தோழிகளோ, "நீ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், அதுதான் உன் பலம்" என்கிறார்களாம். எதிலும் சிறு குறையும் இருக்கக் கூடாது என்று நினைப்பவர் என்று பொருள். இந்தக் குணம் உண்மையிலேயே பலம்தானா என்று கேட்டிருக்கிறார்.

பலம் இல்லை அம்மா. தோழிகள் அன்பால் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பாராட்டு உங்களுக்குக் கெடுதல்தான் செய்கிறது.

தினமும் இரவு கணினியைத் திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து படித்துத் திருத்திக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 'ஆகவே' என்பதை 'எனவே' ஆக்குகிறீர்கள். மறுநாள் அது திரும்பவும் 'ஆகவே' ஆகிறது. அடிக்குறிப்பில் கால்புள்ளியா, அரைப்புள்ளியா என்பதில் ஒரு மணி நேரம் போகிறது. இரண்டாம் இயலைத் தொடும்போதே தூக்கம் வந்துவிடுகிறது. நான்காம் இயலில் தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. அதாவது, உழைப்பு முழுவதும் ஏற்கெனவே நன்றாக இருக்கிற பக்கங்களுக்கே போகிறது. உங்கள் ஆய்வின் முடிவு என்னவோ, அது இருக்க வேண்டிய பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. இதைத் தரத்தின் மேல் உள்ள அக்கறை என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃபிராஸ்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1990இல் இந்தக் குணத்தை அளக்க ஒரு வினாத்தாள் வகுத்தார்கள். அதில் உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்வது ஒரு கூறு. தவறு செய்துவிடுவோமோ என்ற கவலை வேறு கூறு. செய்தது சரிதானா என்ற ஓயாத சந்தேகம் இன்னொன்று. பெற்றோரின் எதிர்பார்ப்பும் கண்டிப்பும்கூடத் தனித்தனிக் கூறுகள். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புடையவை அந்தக் கவலையும் சந்தேகமும்தான். இலக்கு உயரமாக இருப்பது மட்டும் ஆளை அந்த அளவுக்கு வாட்டுவதில்லை. ஆகவே இலக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கொடுக்காமல் வைத்திருக்கும் வரை அந்த இயலை யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் கையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 98 வாங்கி வந்த பிள்ளையிடம் "அந்த 2 எங்கே?" என்று கேட்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாளை நீட்டும்போது கை தயங்கத்தான் செய்யும்.

சார்லஸ் பாபேஜ் கதையை இங்கே சொல்ல வேண்டும். கணினியின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்கிற அதே ஆங்கிலேயர்தான். கணித அட்டவணைகளைப் பிழையில்லாமல் கணக்கிட ஓர் இயந்திரம் செய்வதாகச் சொல்லி 1823இல் பிரிட்டிஷ் அரசின் பணத்தோடு தொடங்கினார். கருவிகள் செய்து கொடுத்த பொறியாளரோடு பணத்தகராறு வந்து வேலை நின்றது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பாதியில் நிற்கும்போதே அதைவிடச் சிறந்த இன்னோர் இயந்திரம் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அதை வரைந்தார், திருத்தினார், மறுபடி வரைந்தார். 17,000 பவுண்டுக்கு மேல் செலவான பிறகு 1842இல் அரசு கையை விரித்துவிட்டது.

இதற்கிடையே பாபேஜின் முதல் இயந்திரத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்த ஸ்வீடன் நாட்டு கியார்க் ஷூட்ஸ் தம் மகனோடு சேர்ந்து எளிமையான ஒன்றைச் செய்து 1853இல் முடித்தார். பின்னால் அந்த வகை இயந்திரம் ஒன்றை பிரிட்டிஷ் அரசே வாங்கியது. அடிக்கடி மக்கர் செய்யும், பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். ஆனாலும் 1864இல் வெளியான இங்கிலாந்தின் ஆயுள் அட்டவணைக்கு (எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று காட்டுவது) அது கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த முதல் இயந்திரத்துக்கே பாபேஜ் 1840களின் இறுதியில் வரைந்த இரண்டாவது வடிவத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் செய்து பார்த்தபோது அது சரியாகவே வேலை செய்தது. அவர் இறந்து 120 ஆண்டுகளுக்குப் பிறகு! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அவ்வளவு பெரிய மூளை அது.

வீட்டிலும் இந்தக் குணம் சேதம் செய்யும், அதையும் கவனியுங்கள். தம்பி மடித்து வைத்த துணியை நீங்கள் பிரித்துத் திரும்ப மடித்தால், அடுத்த முறை அவன் துணிப் பக்கமே வரமாட்டான். பிறகு எல்லா வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இன்றிரவு கோப்பைத் திறந்ததும் நேரே நான்காம் இயலுக்குப் போங்கள். முதல் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். வாக்கியம் கோணலாக வந்தாலும் எழுதிக்கொண்டே போங்கள். முதல் இயலை இந்த வாரமே நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் எது குறை என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது நீங்கள் திருத்துவதெல்லாம் ஊகத்தில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள்தான் வரம்பு. மறுபதிவில் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கலாம், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. அந்தச் சலுகையை இப்போதே மனத்தில் கணக்குப் போட வேண்டாம். நேரம் கூடினால் திருத்தமும் கூடும், அவ்வளவுதான்.

கொடுத்த பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதை நிறுத்தவே முடியவில்லை என்றால் தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.