மத்தி இல்லாத கடலில் மிச்சமிருக்கிற படகு

வணக்கம் நண்பர்களே. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் படகில் போகிறவர்கள் என்றதும் நமக்கு லிபியாவும் மத்திய தரைக்கடலும்தான் ஞாபகம் வரும். இன்று நான் பேச வந்தது செனகலைப் பற்றி. அங்கிருந்து ஸ்பெயினின் கேனரி தீவுகளுக்கு அட்லாண்டிக்கில் சுமார் 1,500 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் மீன்பிடி மரப்படகில்தான் கடக்கிறார்கள். பிரோக் என்று பெயர். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆசை ஆசையாக வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

மீன்படகில் ஏன் ஆள் போகிறார்கள்? மீன் இல்லை, அதனால்தான். அங்கே யாபோய் என்கிற மத்தி வகைதான் ஏழைகளின் சாப்பாடு. வெளிநாட்டு டிராலர்கள் ஒரு பக்கம் அள்ளுகின்றன. இன்னொரு பக்கம் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோர ஆலைகள் அந்த மத்தியை அரைத்து, எங்கேயோ பண்ணையில் வளர்கிற மீனுக்குத் தீனியாக ஏற்றுமதி செய்கின்றன. உள்ளூர்ப் படகுகளும் பெருகிவிட்டன, அதையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் கரையில் மீன் உலர்த்தி விற்கும் பெண்களுக்கும் வேலை இல்லை.

"விசா எடுத்துப் போக வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்பெயின் உட்படப் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்துவிட்டால் பணம் திரும்ப வராது. பேங்க் கணக்கு, சம்பளச் சான்று எல்லாம் கேட்பார்கள். வலை இழுக்கிற பையன் எதைக் காட்டுவான்?

செனகலில் பேசும் வோலோஃப் மொழியில் 'பார்சா வல்லா பர்சாக்' என்பார்கள். பார்சிலோனா, இல்லாவிட்டால் மறுமை. தெரிந்துதான் ஏறுகிறார்கள்.

2023 ஜூலை 10 அன்று ஃபாஸ் போய் என்ற மீனவ ஊரிலிருந்து 101 பேரோடு ஒரு படகு கிளம்பியது. வழக்கமாக ஒரு வாரத்துப் பயணம். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, அட்லாண்டிக் தீவு நாடான கேப் வெர்டே அருகே ஒரு ஸ்பானிய மீன்பிடிக் கப்பல் அதைப் பார்த்தது. உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

கரையோரம் ரோந்து இருக்கிறது. அதனால் படகுகள் ஆழ்கடலுக்குள் விலகிப் போகின்றன. அங்கே என்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் மேற்கே இழுத்துவிடும். கேனரியில் மேற்குக் கோடித் தீவு எல் யெர்ரோ. அதைத் தவறவிட்டால் அமெரிக்கக் கண்டம் வரை கரையே கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் 2024இல் கேனரியில் 46,843 பேர் வந்து இறங்கினார்கள். அதுவரை அப்படி ஒரு எண்ணிக்கை வந்ததில்லை.

இறங்காதவர்கள்? 2021 மே மாதம் கரீபியனில் டொபேகோ தீவருகே ஒரு படகு மிதந்து வந்தது. உள்ளே 14 உடல்கள். அந்த ஜனவரியில் செனகலுக்கு வடக்கே இருக்கிற மொரிட்டானியாவின் நுவாதிபு துறைமுகத்திலிருந்து 43 பேரோடு புறப்பட்ட படகு அது. ஒரு செய்தி நிறுவனம், படகில் கிடைத்த சிம் கார்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துத்தான் அந்தக் குடும்பங்களைக் கண்டுபிடித்தது. அதுவரை பிள்ளை எங்கோ சிறையில் இருப்பான், போன் வரும் என்று வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு.