ஒரு வருஷத்துக்குப் போகிறவர்களுக்கு

(ஜெர்மனியில் திருச்சபை இளைஞர் பணிக்கு ஓராண்டுத் தொண்டர்களாகச் செல்பவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் திருச்சியில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, பெட்டியில் இன்னும் இரண்டு கிலோ ஊறுகாய் ஏறுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் உங்களை மிஷனெரிகள் என்றார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்த மிஷனெரி சீகன்பால்குவுக்கு நாம் பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் என்றார்கள். கைதட்டலும் பலமாக இருந்தது. நான் கொஞ்சம் குறுக்கே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9-ம் தேதி. அடுத்த நாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. உங்களுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். ஒற்றுமை அதோடு முடிந்தது. அவர் திரும்பிப் போகும் தேதி போட்ட டிக்கெட்டோடு வரவில்லை. நடுவில் ஒருமுறை ஐரோப்பாவுக்குப் போய்வந்தார். 1719-ல் இங்கேயே காலமாகி, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். உங்களுக்கோ போகிற தேதியைப் போலவே வருகிற தேதியும் இப்போதே தெரியும். நான் பேசப் போவதெல்லாம் அந்த வருகிற தேதியைப் பற்றித்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் ஒரு விதமாகச் செய்வார், மறந்துவிட்டுச் செய்கிறவர் வேறு விதமாகச் செய்வார்.

முதலில் இந்த 'ஒரு வருஷம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1954-ல் பவேரியாவில் நொயன்டெட்டெல்சௌ என்ற ஊரில் இருந்த டீக்கனஸ் இல்லத்தின் (திருச்சபைச் சேவைக்குத் தங்களை அர்ப்பணித்த பெண்களின் இல்லம்) தலைவர் ஹெர்மன் டீட்ஸ்ஃபெல்பிங்கர் இளம்பெண்களைப் பார்த்து ஓர் அழைப்பு விட்டார். நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. துணிந்து ஒரு வருஷம் தாருங்கள் என்று கேட்டார். ஆயுள் முழுக்கக் கேட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ! பத்தாண்டுகள் கழித்து, 1964-ல், ஜெர்மன் அரசு அதைச் சட்டமாகவே ஆக்கியது. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 27 வயதுக்குள் இதில் சேரலாம். பன்னிரண்டு மாதப் பணி என்றால் அதில் 25 நாள் பயிற்சி முகாமுக்கே ஒதுக்க வேண்டும். கைச்செலவுப் பணமும் காப்பீடும் சேர்த்துக்கொள்கிற அமைப்பின் பொறுப்பு. (இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இதே பெயரைச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கிற தரகர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம் கொடுக்கிற காசுக்குப் பிள்ளையை இங்கேயே ஒரு டிகிரி படிக்க வைத்துவிடலாம்.) 2008 முதல் ஜெர்மன் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம், 2013-லிருந்து நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளையும் அங்கே வரவழைக்கிறது.

அந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தொண்டராக வருகிறவர், சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தை நிரப்பக் கூடாது. கூடுதல் கையாக மட்டுமே இருக்க வேண்டும். அதாவது, நீங்கள் போகாவிட்டாலும் அந்தத் திருச்சபையின் வேலை நடக்கும். இதைக் கேட்டு முகம் சுருங்க வேண்டாம். ஊரே உங்களை நம்பிக் காத்திருக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

சரி, அங்கே போய் என்ன பார்ப்பீர்கள்? உங்களில் சிலர் சாக்சனி மாநிலத்துக்குப் போகிறீர்கள். தமிழ்நாட்டில் ஊழியம் செய்த லைப்சிக் மிஷனால் நமக்குப் பழகிய பெயர், சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸும் அங்கேதான் இருக்கிறது. அங்கே பெரும்பான்மை மக்கள் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் இல்லை. நம் வாலிபர் ஐக்கியத்தில் அறுபது பேர் கூடி, கீபோர்டும் டிரம்ஸும் வைத்து, மைக் கிடைக்காமல் சண்டை போட்டுப் பழகியவர்கள் நீங்கள். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் நிலவறை அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பழைய சோபா, ஒரு கால்பந்து மேஜை, ஒரு கிட்டார். ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றுவார், ஒரு வேதபகுதி, கொஞ்சம் பேச்சு, அப்புறம் நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிடுவார்கள். உடனே, 'ஐயோ, இவர்கள் ஆவிக்குரிய நிலை இப்படிக் கிடக்கிறதே' என்று வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் போடத் தோன்றும். போடாதீர்கள்.

அந்தக் குழுவுக்கு 'யுங்கே கெமைண்டே' என்று பெயர், இளைய சபை என்று சொல்லலாம். 1953-ன் முதல் மாதங்களில், சாக்சனியை அப்போது ஆண்ட கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மன் அரசு இந்தக் குழுவைத்தான் வேட்டையாடியது. உருண்டையின் மேல் சிலுவை நிற்கிற சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்த மாணவர்களை மேல்நிலைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அந்த ஜூனில் அரசு பின்வாங்கியது. ஆனால் திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு) போட்டியாக அரசு கொண்டுவந்த வயதுவந்தோர் விழா நின்று வேர்பிடித்தது. ஓரிரு தலைமுறைக்குள் பெரும்பாலான வீடுகளில் ஆலயத்துக்குப் போகும் வழக்கமே அறுந்துபோனது. 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தில் சமாதான ஜெபம் முடித்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து சுமார் 70,000 பேர் அந்த அரசை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள். அந்த ஜெபக் கூட்டமும் பல நாள் கைவிரலில் எண்ணுகிற அளவில்தான் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதை தெரிந்தால் அந்த ஏழு பேரை எண்ணிப் பார்த்து எடை போட மாட்டீர்கள்.

அந்த ஏழு பேரில் கூட்டத்தை நடத்துகிறவருக்கு வயது பதினாறு இருக்கலாம். இது நம் ஆட்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். அங்கே பதினான்கு வயதில் திடப்படுத்தல் முடிந்தவுடன், விருப்பமுள்ள பிள்ளைகள் பயிற்சி எடுத்து அடுத்த வருஷப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர்களாக வந்துவிடுகிறார்கள். முகாமில் என்ன விளையாட்டு, இரவு ஜெபத்தை யார் நடத்துவது, சமையலுக்கு எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் அவர்களே உட்கார்ந்து பேசுவார்கள். தப்பும் பண்ணுவார்கள். பக்கத்தில் நிற்கிற உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நீங்கள் எடுத்துச் செய்தால் அரை மணி நேரத்தில் அழகாக முடித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளை மேய்த்தவர்கள் ஆயிற்றே! ஆனால் அடுத்த வருஷம் அந்த முகாம் நடக்கும்போது நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள், அந்தப் பதினாறு வயதுப் பெண் அங்கேதான் இருப்பாள். வேலை அவள் கையில் பழக வேண்டுமா, உங்கள் கையிலா?

இளைஞர் பணி என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஹாம்பர்க்கில் நடந்தது. யோஹன் ஹின்ரிச் விசெர்ன் 1833-ல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். நூறு பேரை ஒரே கூடத்தில் அடைக்காமல், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்தோடும் ஓர் இளைஞரைத் தங்க வைத்தார். அந்த இளைஞர்கள் உங்களுக்கு முன்னோடிகள் என்றே சொல்லலாம். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் தினமும் வந்து 'கிறிஸ்துமஸ் எப்போது, கிறிஸ்துமஸ் எப்போது' என்று நச்சரிப்பார்களாம். 1839-ல் விசெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். அதில் சாதாரண நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி, நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி. தினம் ஒன்று ஏற்றினார்கள். நம் ஆலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வெண்ட் ஞாயிறுகளில் ஏற்றுகிற வளையம் அதிலிருந்து வந்ததுதான். பலரும் இதை அலங்காரத்தின் கதையாகச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. அன்றிலிருந்து பிள்ளைகள் விசெர்னிடம் வந்து கேட்க வேண்டியதில்லை. சக்கரத்தைப் பார்த்தால் அவர்களே எண்ணிக்கொள்வார்கள், எண்ணும் கணக்கையும் அப்படியே கற்றுக்கொண்டார்கள். அவர் ஊரில் இல்லாத நாளிலும் சக்கரம் பதில் சொல்லும்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. பிள்ளைகள் உங்கள்மேல் ஒட்டிக்கொள்வார்கள். இது என்ன என்று நமக்கு அடுத்த பக்கத்திலிருந்து தெரியும். நம் போர்டிங் ஹோம்களில் வருஷா வருஷம் ஒரு ஜெர்மன் அக்காவோ அண்ணனோ வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் விமானம் ஏறிய வாரம் ஹோம் எப்படி இருக்கும் என்று வார்டன் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அக்காவைப் பறிகொடுத்த பிள்ளை, அடுத்து வருகிறவரிடம் பேச்சே கொடுப்பதில்லை. ஆகவே போன முதல் வாரத்திலேயே, எந்த மாதம் திரும்பப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். 'உனக்கு எப்போதும் நான் இருக்கிறேன்' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். அது பொய்.

இதோடு சேர்ந்தது பாதுகாப்பு விதிகள். கிளம்புமுன் போலீஸ் சான்றிதழ் கேட்டார்களே, நம்மைச் சந்தேகப்படுகிறார்களா என்று ஒரு தந்தை என்னிடம் வருத்தப்பட்டார். அங்கே சொந்த ஜெர்மன் ஊழியர்களிடமும் கேட்கிறார்கள். 2024 ஜனவரியில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபைகளுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிய பெரிய ஆய்வு வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 2,225 பேர், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1,259 பேர் என்று அது சொன்னது. தாங்கள் எடுத்துப் பார்க்க முடிந்தது ஒரு சிறு பகுதிதான் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இப்படிப்பட்ட கொடுமைகளின் வெட்கத்திலிருந்து வந்த விதிகள் இவை. எனவே ஒரு பிள்ளையோடு தனியே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டாம். கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி வைப்பதெல்லாம் பிள்ளையின் விருப்பமில்லாமல் வேண்டாம். பிள்ளைகளின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடவே கூடாது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எடுக்கவும் கூடாது. இதெல்லாம் அன்பில்லாத தேசம் என்பதன் அடையாளம் என்று நினைத்தால் தவறு. நம் ஹோம்களுக்கும் ஞாயிறு பள்ளிகளுக்கும் இதே விதிகள் எப்போது வரும் என்பதுதான் என் கேள்வி. திரும்பி வரும்போது நீங்கள் கொண்டுவர வேண்டிய சாமான்களில் சாக்லேட்டுக்கு முன்னால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பரீட்சையில் தேறிய ஜெர்மன், பத்து வயதுப் பிள்ளைகள் கத்துகிற ஜெர்மனுக்கு முன்னால் முதல் மாதம் ஒன்றுக்கும் உதவாது. இந்த ஒரு விஷயத்தில் சீகன்பால்குவைத் தாராளமாகப் பின்பற்றலாம். அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதித்தான் தமிழ் படித்தார். பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கிற பிள்ளை திருத்தியும் சொல்லும்.

பெற்றோர்களே, உங்களுக்கு இரண்டு விஷயம். அங்கே இரவுச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரித் துண்டு. அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது, டிசம்பரில் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதத்தில்தான் வீட்டு ஞாபகம் அதிகம் வாட்டும். நீங்கள் தினமும் வீடியோவில் வந்து ஆலயத்து ஸ்டாரையும் கேரல் ரவுண்டையும் காட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை உடம்பு அங்கேயும் மனசு இங்கேயுமாகத்தான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பேசுங்கள், போதும். மிச்ச நாட்களில் அந்த ஊர்ப் பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். ஆடு வேஷத்துக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். உங்கள் பிள்ளை அதில் ஓர் ஆடாக நிற்கட்டும்.

கடைசி இரண்டு மாதம் வரும்போது ஓர் ஆசை வரும். நம் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று. தமிழ்ப் பாட்டு வகுப்பு, இந்தியச் சமையல் கிளப், புதிய ஜெபக் குழு என்று ஏதாவது தொடங்கத் தோன்றும். தொடங்கலாம், ஆனால் முதல் கூட்டத்திலேயே சாவி அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் இருக்க வேண்டும். யாரும் சாவி வாங்க முன்வரவில்லை என்றால் அது அந்தச் சபைக்குத் தேவையில்லாத குழு. விட்டுவிட்டு, முகாமுக்குப் பாத்திரம் கழுவப் போங்கள்.

போதகர் ஐயா மணியைப் பார்க்கிறார். விசா, காப்பீடு, ஊறுகாய் பற்றிய கேள்விகளை இப்போது கேட்கலாம். பதில் சொல்ல, போன வருஷம் போய்வந்த தங்கை ஒருவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்.