தையல் தெரியாத இசை

நேயர்களுக்கு வணக்கம்.

சாக்ஸபோன் என்றதும் உங்களில் பெரும்பாலோருக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். இல்லையென்றால் கல்யாண ஊர்வலத்து பேண்டு. இரண்டிலும் சாக்ஸபோன் தனி ஆள் அல்ல. பக்கத்தில் மிருதங்கமோ டிரம்மோ ஏதாவது ஒன்று தாங்கிப் பிடிக்கும். இன்று நான் பேச வந்திருப்பது நான்கு சாக்ஸபோன்களைப் பற்றி. நான்கே நான்கு. தாளம் போட ஆள் இல்லை, சுருதி சேர்க்க ஆள் இல்லை, பியானோ இல்லை.

"நாலு பேரும் ஒரே வாத்தியத்தை ஊதினால் சண்டை வராதா?" என்று, நான் நிலையத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள். வரும். அந்தச் சண்டையைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

அந்த நால்வரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன். கடைக்குட்டியின் குரல் கீச்சென்று இருக்கும், மூத்தவரின் குரல் அடிவயிற்றிலிருந்து வரும். ஆனால் விரல் வைக்கும் முறை நான்குக்கும் ஒன்றுதான். வயலின் வாசிப்பவரிடம் செல்லோவைக் கொடுத்தால் அவர் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டும். ஆல்டோ வாசிப்பவரிடம் டெனரைக் கொடுத்தால் விரல் தானாகப் போய் அமரும். உதடும் மூச்சும்தான் கொஞ்சம் மாற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வாத்தியத்தைச் செய்தவரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு மேலே போகத் தெரியாது. அடோல்ஃப் சாக்ஸ், பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-இல் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது மாடியிலிருந்து விழுந்தார், ஊசியை விழுங்கினார், பால் என்று நினைத்து அமிலத் தண்ணீரைக் குடித்தார், வெடிமருந்தில் சுட்டுக்கொண்டார், ஆற்றில் விழுந்து மிதந்தார் என்று அவரைப் பற்றி ஒரு பெரிய பட்டியலே சொல்வார்கள். இது பிழைக்கிற பிள்ளை இல்லை என்று பெற்ற தாயே சொன்னாளாம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊர்ப்பேச்சு என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். எனக்கு எல்லாவற்றையும் நம்பத்தான் ஆசை. ஏனென்றால் அவர் பெற்ற பிள்ளையும் அப்படித்தான் அடிபட்டது.

1846-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். ராணுவ இசைக்குழுக்கள் சேர்த்துக்கொண்டன. சிம்பொனிக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. எப்போதாவது ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க விட்டார்கள். 1857-இல் பாரிஸ் இசைக்கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கியது, சாக்ஸே ஆசிரியர். 1870-இல் போர் வந்தது, வகுப்பு நின்றது. மறுபடி எப்போது திறந்தார்கள் தெரியுமா? 1942-இல், மார்செல் மூல் என்ற கலைஞரை ஆசிரியராகப் போட்டு. எழுபத்திரண்டு ஆண்டுகள்! நம்மூர் வழக்குகூட அதற்குள் முடிந்துவிடும்.

பெற்ற வீடு கதவைச் சாத்தியிருந்த அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் ஜாஸ் கலைஞர்கள் இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார்கள். கருவி ஒன்று, வீடு இரண்டு. ஒரு வீட்டில் தாளில் எழுதியதைத்தான் வாசிக்க வேண்டும். இன்னொரு வீட்டில் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசித்தால்தான் மரியாதை. ஐரோப்பாவில் எழுதிய இசைக்கென்று சாக்ஸபோன் நால்வர் குழுக்கள் இருக்கத்தான் செய்தன. மூலின் குழுவுக்காக ரஷ்யரான கிளாசுனோவ் 1932-இல் எழுதிய படைப்பு இன்றும் மேடையில் இருக்கிறது. அது ஒரு வீட்டுக் கதை. எனக்கு வேண்டியது, இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவர்கள்.

1977-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்தார்கள். ராஸ்கின், ஓக்ஸ், வோய்ட், ஆக்லி. அவர்கள் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ரோவா. குழுவின் பெயரும் அதுதான். 1988-இல் வோய்ட் விலக, ஸ்டீவ் ஆடம்ஸ் வந்தார். ஆள் போனாலும் எழுத்து போகவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் அமெரிக்காவிலிருந்து இவர்களுடைய ஒலிநாடா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டேன். கால் நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். நாடா சிக்கிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்து மறுபடி போட்டேன். அதே ஓசை. வாத்து, சைரன், துருப்பிடித்த கேட். என் தாயார் அடுப்படியிலிருந்து, "யார் வந்திருக்கிறார்கள், பார்" என்றார். சரி, காசு கொடுத்து வாங்கியதில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நான்கு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். மயிரிழை பிசகவில்லை. ஒரு நொடி மௌனம். பிறகு நால்வரும் ஒன்றாக ஒரு சிக்கலான வரியை வாசித்தார்கள், நான்கு தொண்டை ஒரு நாக்கு என்பதுபோல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் முன்னால் வந்த கூச்சலையும் எழுதியா வைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்வியோடு சேர்ந்துதான் எனக்கு வயதாகிறது. கச்சேரிக்குப் போகிற உங்களுக்கு, கிருதி எங்கே முடிகிறது, நிரவல் எங்கே தொடங்குகிறது என்பது நன்றாகத் தெரியும். தையல் வெளியே தெரியும், அதில்தான் அழகு. ரோவாவிடம் தையலைத் தேடினால் கிடைக்காது. எழுதிய பகுதியைக் கிறுக்கியதுபோல வாசிப்பார்கள், கிறுக்கலை எழுதியதுபோல வாசிப்பார்கள். தற்காலச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் கலப்பவர்கள் என்று இவர்களைச் சொல்வதுண்டு. காப்பியில் பால் ஊற்றுவதுபோல அது நடப்பதில்லை. எது பால், எது டிகாஷன் என்று நாக்கு தடுமாற வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரு வழி, கை சைகை. ஒருவர் வாசித்துக்கொண்டே விரலைக் காட்டுவார், மற்றவர்கள் உடனே போக்கை மாற்றுவார்கள். வானொலியில் இதைக் காட்ட முடியாது, நான் இங்கே கையை ஆட்டுவது ஒலிப்பதிவாளருக்கு மட்டும் தெரிகிறது. இன்னொன்று, முன்பே சொன்னேனே, விரல் முறை ஒன்று என்று. அதனால் இவர்கள் ஒரே கச்சேரியில் வாத்தியத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பாரிடோன் வைத்திருந்தவர் கையில் சற்று நேரத்தில் ஆல்டோ இருக்கும். கண்ணை மூடிக் கேட்பவருக்கு யார் யார் என்று பிடிபடாது.

ஏறக்குறைய அதே காலத்தில் வேர்ல்டு சாக்ஸபோன் குவார்டெட் என்று இன்னொரு குழுவும் பிறந்தது. ஜூலியஸ் ஹெம்ஃபில், ஆலிவர் லேக், ஹேமியட் ப்ளூயட், டேவிட் மர்ரே. அவர்களிடம் புளூஸ், அதாவது கறுப்பின அமெரிக்கரின் நாட்டுப்பாட்டு வாசனை, அதிகம். ப்ளூயட் பாரிடோனை எடுத்தால் டிரம் இல்லை என்பதே மறந்து கால் தாளம் போடும். அவர்களுக்கே ஒரு உரை வேண்டும், இன்று முடியாது.

1983-க்கு வருகிறேன். அந்த மார்ச்சில்தான் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் நாட்டைத் தீய சாம்ராஜ்யம் என்றார். அதே ஆண்டு ரோவாவின் நால்வரும் சாக்ஸபோன்களைத் தூக்கிக்கொண்டு சோவியத் நாட்டுக்குப் போனார்கள். அந்தப் பயணத்தின் ஒலிப்பதிவுக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், சாக்ஸபோன் ராஜதந்திரம். கூடவே ஓக்ஸின் மனைவி, கவிஞர் லின் ஹெஜினியனும் போனார். லெனின்கிராடில் அர்காதி திரகோமோஷென்கோ என்ற ரஷ்யக் கவிஞரைச் சந்தித்தார். ஊர் திரும்பியபின் ரஷ்ய மொழி படித்து, அவருடைய கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கணவர் ஊதப் போன இடத்தில் மனைவிக்கு ஒரு மொழி கிடைத்தது! 1986-இல் சோவியத்திலிருந்து கனேலின் மூவர் என்ற ஜாஸ் குழு அமெரிக்கா வந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் ரோவாவோடு சேர்ந்து வாசித்தது. இரண்டு அரசுகளும் பேசியதைவிட இவர்கள் அதிகம் பேசியிருப்பார்கள் என்பது என் கட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். என் கையில் இன்னும் மூன்று தாள் இருக்கிறது. ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1965-இல் தன்னையும் சேர்த்துப் பதினொரு பேராகப் பதிவுசெய்த 'அசென்ஷன்' என்ற பெரிய படைப்பை ரோவாக்காரர்கள் 1995-இலும், பிறகு மின்கருவிகளோடு 2003-இலும் எடுத்து வாசித்த கதையைத் தள்ளிவைக்கிறேன்.

டெர்ரி ரைலியை மட்டும் விட மாட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர், 1970-லிருந்து நம் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்தவர். ஸ்வரங்களின் இடைவெளியை எல்லாம் சமமாக்கிவிடும் பியானோவின் சமரசச் சுருதி அவருக்குப் போதவில்லை. ரோவாவுக்காக எண்பதுகளில் ஒரு நீண்ட படைப்பை எழுதியபோது, தம்புராவில் நாம் கேட்கும் இயற்கையான சுருதியில் வாசிக்கச் சொன்னார். சாக்ஸபோனின் துளைகள் அதற்காகப் போட்டவை அல்ல. உதட்டாலும் விரலாலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து, தள்ளி, இடம்பார்த்து நிறுத்த வேண்டும். நான்கு பேரும் சரியாக நின்றால், யாருமே வாசிக்காத ஐந்தாவது ஒலி ஒன்று காற்றில் கேட்கும். அந்தப் படைப்பின் ஒரு பகுதியை மட்டும் ரைலி எழுதவில்லை, குழுவினரே அமைத்துக்கொண்டார்கள். எந்தப் பகுதி என்று

நண்பர் கையை முஷ்டியாக மூடிவிட்டார். ரோவாவின் சைகைகளில் இதற்கு என்ன பொருளோ, இங்கே பொருள் எனக்குத் தெரியும். வணக்கம்.