பாதி கடையில, பாதி வீட்டுல: விடுமுறைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கறதும் செய்யறதும்

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறை வருது, பொம்மைக் கடைக்குக் கிளம்பறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு தாளை எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் வாங்க வேண்டியது, வலது பக்கம் வீட்டுல செய்ய வேண்டியது. ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு சேரணும். இடது பக்கம் மரக்கட்டை இருந்தா, வலது பக்கம் அட்டையில வண்டியும் சரிவுப் பாதையும். இடது பக்கம் சின்ன விலங்கு பொம்மை இருந்தா, வலது பக்கம் அது நிக்கறதுக்கு மாவுப் பிசையல். இப்படி எழுதினாலே கூடையில போகற சாமான் பாதியாக் குறையும்.

குறையறது பிள்ளைக்கு நல்லதுதான். 2018ல டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. ஒரே குழந்தைங்க முன்னாடி ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16 பொம்மை வச்சுப் பார்த்தாங்க. 4 இருந்தப்போ ஒவ்வொண்ணையும் அதிக நேரம் வச்சிருந்தாங்க, விதவிதமாவும் விளையாடினாங்க. அதனால வாங்கினது எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிச்சுக் கொட்டாதீங்க. நாலஞ்சு வெளியில இருக்கட்டும், மிச்சம் அலமாரிக்குள்ள இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை மாத்தி வைங்க.

பட்டனை அழுத்தினா பாடற, பேசற பொம்மையப் பத்தி. என் கருத்து, அதுக்குச் செலவு பண்ண வேண்டாம். 10 முதல் 16 மாசக் குழந்தைங்களையும் அவங்க அப்பா அம்மாவையும் வச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2016ல வெளியாச்சு. மின்னணு பொம்மை ஓடறப்போ பெரியவங்க பேச்சு குறைஞ்சுது. சாதாரணக் கட்டை, பொம்மைங்க இருந்தப்போ அதைவிட அதிகமாப் பேசினாங்க. புத்தகத்தோட உக்காந்தப்போதான் பேச்சு அதிகம். கடையில ஒரு சாமானைக் கையில எடுத்தீங்கன்னா, இத வச்சு பிள்ளை என்ன செய்யும்னு யோசிங்க. ஒரே ஒரு வேலைதான் தோணுதுன்னா திருப்பி வச்சிடுங்க.

இப்போ பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். 3 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களோட பொம்மையில சின்னப் பாகம் இருக்கான்னு பார்க்க ஆய்வுக்கூடத்துல ஒரு சின்னக் குழாய் வச்சிருப்பாங்க. அதோட விட்டம் 31.7 மி.மீ. சரிஞ்ச அடிப்பக்கத்தோட ஆழம் 25.4ல தொடங்கி 57.1 மி.மீ. வரைக்கும் போகும். சின்னப் பிள்ளையோட தொண்டை அளவை மனசுல வச்சுச் செஞ்சது அது. அதுக்குள்ள முழுசா அடங்கற எதுவும் 3 வயசுக்குக் கீழ கூடாது. வீட்டுல அந்தக் குழாய் இருக்காது, டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய் இருக்கும். அதோட விட்டம் 4 செ.மீ. சுத்து இருக்கும், அதனால இந்தச் சோதனை இன்னும் கண்டிப்பானது. உள்ள நுழையற எதுவா இருந்தாலும் ஒதுக்கிடுங்க. பந்துக்கு அளவு இன்னும் பெருசு, 44.4 மி.மீ. விட்டம் உள்ள துளை வழியா விழுந்துடற பந்தும் சின்னவங்களுக்கு ஆகாது. உருண்டையா இருக்கறது தொண்டைய முழுசா அடைச்சுடும், அதான் காரணம்.

பொம்மை முழுசாப் பெருசா இருந்தா மட்டும் போதாது. சக்கரத்தை இழுத்துப் பாருங்க, கண்ணைத் திருகிப் பாருங்க, தையலை ரெண்டு பக்கமும் இழுங்க. கழண்டு வர்ற பாகத்தைத்தான் அந்தக் குழாய்ல போட்டுப் பார்க்கணும். இழுத்துட்டுப் போகற பொம்மையில கயிறு 22 செ.மீ.க்கு மேல இருந்தா வெட்டிக் குறைச்சிடுங்க, கழுத்துல சுத்தற அளவு இருக்கக் கூடாது. ஊதாத பலூன், வெடிச்ச பலூன் துண்டு, இதெல்லாம் 8 வயசு வரைக்குமே ஆபத்து. மூச்சை இழுக்கறப்போ ரப்பர் தொண்டையில போய் ஒட்டிக்கும்.

பட்டன் செல் இருக்கற பொம்மையா? செல் இருக்கற மூடி ஸ்க்ரூவால முடுக்கியிருக்கணும். நகத்தால நெம்பித் திறக்க முடிஞ்சா வேண்டாம். 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் செல், சிஆர்2032 மாதிரி உள்ளது, உணவுக்குழாய்ல சிக்கினா எச்சில் வழியா மின்சாரம் பாயும். செல்லோட நெகட்டிவ் பக்கம் காரம் உண்டாகி 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையப் பொசுக்கிடும். பொம்மைய ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன செல்லுலயும் அதுக்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். பழைய செல்லை எடுத்த உடனே ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்துல வைங்க. பாட்டுப் பாடற வாழ்த்து அட்டையிலயும் பட்டன் செல்தான், பெரும்பாலும் அதுக்கு ஸ்க்ரூவே இருக்காது. அதை யாரும் பொம்மைன்னு நினைக்கறதில்ல, அதனாலதான் சொல்றேன். முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காம மருத்துவமனைக்குக் கிளம்பிடுங்க.

சின்னச் சின்ன காந்த உருண்டைகளும் வீட்டுக்குள்ள வேண்டாம். ஒண்ணுக்கு மேல முழுங்கினா, குடலோட ரெண்டு மடிப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு ஒண்ணையொண்ணு இழுக்கும். நடுவுல மாட்டின சதை ஓட்டையாயிடும். காந்தம் ஓட்டுக்குள்ள மூடியிருக்கற கட்டைகள் பரவாயில்ல. ஆனா ஓட்டுல விரிசல் விழுந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க.

வாங்கறதுக்கு எனக்குப் பிடிச்சது வெறும் மரக்கட்டைதான். 4 செ.மீ. கனசதுரமும் அதோட இரட்டிப்பு நீளமும் கலந்து வாங்குங்க. 2 வயசுக்கு 20 கட்டை போதும். 4 வயசுல 60க்கு மேல வேணும், இல்லன்னா வீடு பாதியில நின்னு போகும். ஒரு கட்டையோட நீளம் இன்னொண்ணோட சரியான மடங்கா இருக்கணும். 4 செ.மீ. கட்டையோட 7 செ.மீ. கட்டை கலந்திருந்தா பாலம் மட்டமா நிக்காது, பிள்ளை எரிச்சலாகி எழுந்து போயிடும். சாயம் பூசினதா இருந்தா ஈரமான வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ங்க. நிறம் ஒட்டினா வாங்காதீங்க. புதிர் அட்டை வாங்கறீங்கன்னா 2 வயசுக்குப் பிடி வச்ச 4 அல்லது 6 துண்டு, 3 வயசுக்கு 12, 4 வயசுக்கு 24. இது ஒரு தொடக்கம்தான். பிள்ளை முடிச்சுட்டுத் திரும்பக் கலைக்குதுன்னா அளவு சரி.

சரி, வலது பக்கத்துக்கு வருவோம். முதல்ல வண்டி. இதைத்தான் நிறையப் பேர் செஞ்சுட்டு ஓடலைன்னு சொல்றாங்க, அதனால ஒவ்வொண்ணாக் காட்டறேன்.

நெளி அட்டை, 15க்கு 8 செ.மீ. அளவுல ரெண்டு துண்டு. அட்டைக்குள்ள நெளிநெளியா வரி தெரியுது பாருங்க. ஒரு துண்டுல வரி நீளவாக்குல, இன்னொண்ணுல குறுக்கால வர்ற மாதிரி வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுங்க. ஒத்தை அட்டைன்னா நடுவுல தொய்ஞ்சு தரைய உரசும். 8 செ.மீ. நீளத்துல ரெண்டு ஸ்ட்ரா, 11 செ.மீ. நீளத்துல ரெண்டு மூங்கில் குச்சி. குச்சியோட கூர் முனைய நறுக்கிடுங்க. அப்புறம் நாலு பாட்டில் மூடி.

அட்டையோட ரெண்டு முனையில இருந்தும் 3 செ.மீ. தள்ளி ஸ்கேல் வச்சுக் கோடு போடுங்க. ஸ்ட்ரா அந்தக் கோட்டு மேலதான் ஒட்டணும். ரெண்டு ஸ்ட்ராவும் இணையா இல்லன்னா வண்டி ஒரு பக்கமாவே சாயும். ஸ்ட்ராவ அட்டையில ஒட்டணும், குச்சிய மூடியில ஒட்டணும். குச்சியும் ஸ்ட்ராவும் ஒட்டக் கூடாது. ஸ்ட்ராவோட வாய்ல ஒரு சொட்டுப் பசை பட்டாலும் போச்சு, சக்கரம் சுத்தாது. அதனால முதல்ல ஸ்ட்ரா ஒட்டி நல்லாக் காய விட்டு, அப்புறம்தான் குச்சிய நுழைக்கணும்.

மூடியில துளை போடறது பெரியவங்க வேலை. மூடிய நல்லா உத்துப் பாருங்க, நிறைய மூடிகள்ல சரியா நடுவுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அச்சுக்குள்ள பிளாஸ்டிக் பாயற இடம் அது, உங்களுக்கு நடுப்புள்ளி இலவசமாக் கிடைக்குது. அடியில களிமண் உருண்டை வச்சு, கோணூசியால குத்துங்க. துளை குச்சிய விடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும், அழுத்தினாத்தான் போகணும். துளை நடுவுல இல்லன்னா வண்டி குதிச்சுக் குதிச்சுப் போகும். மூடிக்கும் ஸ்ட்ரா முனைக்கும் நடுவுல 2 மி.மீ. இடைவெளி விடுங்க, ஒட்டி நின்னா உரசி நின்னுடும்.

ஒரு எச்சரிக்கை இருக்கு. சாதாரணத் தண்ணி பாட்டில் மூடி 3 செ.மீ. சுத்துதான் இருக்கும். இப்போ சொன்ன 31.7 மி.மீ. குழாய்க்குள்ள அது போயிடும். வீட்டுல 3 வயசுக்குக் கீழ யாராவது இருந்தா 5 செ.மீ.க்கு மேல உள்ள ஜாடி மூடியாப் போடுங்க.

சரிவுப் பாதைக்கு 60 செ.மீ. நீள அட்டை. இதுல வரி நீளவாக்குல ஓடணும், அப்போதான் நடுவுல வளையாது. ரெண்டு ஓரத்தையும் 2 செ.மீ. மேல மடிச்சா சுவர் வந்துடும். வரியோட போக்குலயே மடிக்கறதால சுலபமா மடங்கும். வரிக்குக் குறுக்கால மடிக்க வேண்டிய இடம் வந்தா, மை தீர்ந்த பேனாவால ஸ்கேல் வச்சு அழுத்திக் கோடு கிழிச்சுட்டு மடிங்க. ஒரு முனைக்கு அடியில 4 செ.மீ. கட்டை நாலு அடுக்குங்க, 16 செ.மீ. உயரம். அதுக்கப்புறம் பிள்ளைகிட்ட விட்டுடுங்க. ஒரு கட்டைய எடுத்தா என்ன ஆகும், ரெண்டு கூட வச்சா எவ்வளவு தூரம் போகும்னு அவங்களே பார்த்துப்பாங்க.

அடுத்து மாவு. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணி 2 கப், எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேஜைக்கரண்டி. நிறம் வேணும்னா தண்ணியிலேயே கலந்துடுங்க. கடைசியில சேர்த்தா திட்டுத்திட்டா நிக்கும், கையிலயும் ஒட்டும். எல்லாத்தையும் கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில கிளறிட்டே இருங்க. அஞ்சு நிமிஷத்துல சுருண்டு பாத்திரத்தை விட்டு வரும். இறக்கி, சூடு பொறுக்கற அளவுக்கு ஆறினதும் 5 நிமிஷம் பிசைங்க. பிசுபிசுன்னு கையில ஒட்டினா வேகலைன்னு அர்த்தம். மாவு தூவாதீங்க, திரும்ப அடுப்புல ஒரு நிமிஷம் வைங்க. மாவு தூவினா நாளைக்கு உதிரும். பழசாகி உதிர ஆரம்பிச்சா கைய நனைச்சுட்டுப் பிசைங்க. சூடோட டப்பால போட்டு மூடினா உள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும்.

அடுப்புல வைக்காமக் கலக்கற முறையும் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடில்ல. வேகாத மாவுல நோய்க்கிருமி இருக்கலாம், பிள்ளைங்க கை வாய்க்குப் போகும். வெந்த மாவுலயும் உப்பு ரொம்ப அதிகம். நிறைய முழுங்கினா ரத்தத்துல உப்பு ஏறிடும், நாய் தின்னா அதுக்கு உயிருக்கே ஆபத்து. எல்லாத்தையும் வாய்ல போடற வயசுன்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க.

கத்தரிக்கோல் 3 வயசுல தொடங்கலாம். வெள்ளைத் தாளைக் கொடுக்காதீங்க, அது வெட்டுப்படாம ரெண்டு அலகுக்கு நடுவுல மடங்கிடும். அழைப்பிதழ் தடிமன்ல உள்ள அட்டைய 2 செ.மீ. அகலப் பட்டையா நறுக்கிக் கொடுங்க. ஒரு வெட்டுல ஒரு துண்டு விழும், விழற சந்தோஷத்துலயே அடுத்தது வெட்டுவாங்க. கட்டைவிரல் மேல பார்த்து இருக்கணும். இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோலே வாங்குங்க. வலதுகைக் கோலை இடது கையில பிடிச்சா, விரல் அழுத்தறப்போ அலகு ரெண்டும் விலகும், தாள் மடங்கும். வெட்டற கோடும் அலகுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். பிள்ளைக்கு வெட்ட வரலைன்னு நினைச்சிடாதீங்க.

கடைசியா ஜிகினா பாட்டில். 500 மி.லி. பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி 350 மி.லி., நிறமில்லாத பசை 100 மி.லி., ஜிகினா 2 தேக்கரண்டி. குளிர்ந்த தண்ணியில பசை கட்டியா நிக்கும், கொதிக்கற தண்ணியில பாட்டில் சுருங்கிடும். ஜிகினா கீழ இறங்காம மேலேயே மிதந்தா, பாத்திரம் கழுவற சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்க. அதுக்கு மேல விட்டா முழுக்க நுரைதான். வேகமா இறங்குதுன்னா பசை சேருங்க, ரொம்ப மெதுவான்னா தண்ணி. மேல 2 செ.மீ. காலியா இருக்கட்டும், நிரப்பிட்டா குலுக்கறப்போ கலங்காது. இந்த அளவு பார்க்கறதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மூடிய ஒட்டணும். பாட்டில் கழுத்தோட மரைய நல்லாத் துடைச்சு, ஈரம் காஞ்சதும் சூப்பர் க்ளூ தடவி முடுக்குங்க. ஒரு நாள் முழுக்கத் தலைகீழா ஒரு தட்டுல நிறுத்தி வைங்க. தட்டு காய்ஞ்சபடியே இருந்தா பிள்ளை கையில கொடுக்கலாம்.