குறட்டைக்கு முந்தைய அரைமணி நேரம்

வணக்கம் நேயர்களே. ஐம்பதைத் தாண்டிய நான்கு ஆண்கள் ஒரு கூடாரத்தில் படுத்தால் என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நாங்கள் முதன்முதலாக மலையேறப் போனபோது எங்களுக்கு 22 வயது. யார் முன்னால் போகிறான் என்பது ஒன்றுதான் கணக்கு. பின்தங்குகிறவன் மூச்சு வாங்க வந்து சேருவான். அதுவரை உட்கார்ந்து இளைப்பாறிய நாங்கள், அவன் தலையைக் கண்டதும் "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவோம். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவனுக்கு ஓய்வே கிடையாது. இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது என் முழங்கால் தகராறு செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கல்யாணம், குழந்தை, கடன். ஆறு வருஷம் எங்கேயும் போகவில்லை. பிறந்தநாள் வாழ்த்தோடு நட்பு நின்றது. புதிதாக அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராக 200 மணிநேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை ஒன்றரை மணிநேரம் சந்தித்தால் அதற்குப் பதினொரு வருஷம் ஆகும். ஐந்து நாள் நடைப்பயணத்தில், தூக்கம் போக, 80 மணிநேரம் கிடைத்துவிடுகிறது. பழைய நட்புக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும் என்பது என் எண்ணம்.

மறுபடி கிளம்பியபோது எங்களுக்கு நாற்பது வயது. முதல் இரவு விளக்கை அணைத்துவிட்டு, நான்கு பேரும் கூடாரத்தின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தோம். ஒருவன் சொன்னான்: "எனக்கு வேலை போய் எட்டு மாசம் ஆச்சு." யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன், "அப்ப காலையில கிளம்பி எங்கடா போற?" என்றான். "நூலகத்துக்கு." "போன்ல சொல்லியிருக்கலாமே?" "போன்ல எப்படிடா சொல்றது?"

மறுநாள் காலை அவன் வழக்கம்போல ஷூ கயிற்றைக் கட்ட கால்மணி நேரம் எடுத்துக்கொண்டான். நாங்களும் வழக்கம்போலத் திட்டினோம். கரிசனம் காட்டியிருந்தால் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பான்.

எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்று இரண்டு ஆங்கிலேய மலையேறிகள். 1934இல் மூன்று ஷெர்பாக்களோடு ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கு வழியாக இமயமலையின் நந்தாதேவி சிகரத்தின் அடிவாரத்துக்குள் புகுந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக அலைந்தும் ஒருவரையொருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமே என்று ஷிப்டன் கேட்டதற்கு, அது அசட்டுத்தனமாக இருக்கும் என்று டில்மன் மறுத்துவிட்டாராம். 1977இல் ஷிப்டன் இறந்தார். அதே ஆண்டு, எண்பதை நெருங்கும் வயதில் படகில் போன டில்மன், தென் அட்லாண்டிக்கில் காணாமல் போனார். இதைக் கேட்ட என் மனைவி, "பேரைக்கூடச் சொல்லாத இதெல்லாம் ஒரு நட்பா?" என்றாள். தாராளமாக நட்புதான்.

இப்போது எங்கள் நடை மாறிவிட்டது. மெதுவாக நடக்கிறவன்தான் முன்னால் போகிறான். அவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. வாலிபத்தில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். போன தடவை ஒருவனுக்குத் தலைவலி விடவில்லை, வாந்தியும் சேர்ந்துகொண்டது. உச்சி கண்ணெதிரே தெரிந்தது. விவாதமே நடக்கவில்லை. நால்வரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

அடுத்த வருஷம் மலை வேண்டாம், ஆறு என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு படகு, படகுக்கு இரண்டு பேர். பின்னால் உட்காருகிறவன் கையில்தான் திசை இருக்கும், அதனால் அந்த இடத்துக்கு இப்போதே சண்டை. ஷூ கயிறு கட்டக் கால்மணி நேரம் எடுக்கிறவன் மட்டும் முன்னால் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டான். அங்கே இருந்தால் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு வரலாமாம்.

நன்றி, வணக்கம்.