சேலத்துக் கடைவீதியில் டூட்டூ: பாலே உடை பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியுள்ள கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவருடைய மகள், பள்ளி ஆண்டு விழாவில் அன்னப்பறவை வேடமிட்டு, பாலே என்னும் மேற்கத்திய நடனம் ஒன்றை ஆடவிருக்கிறாள். முதல் அக்ரஹாரம் பக்கம் துணி வாங்கப் போன சகோதரி, ஒரு கடையில் ‘டூட்டூ’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்த வெள்ளை நெட் பாவாடையைக் கண்டு வியந்திருக்கிறார். அதையே வாங்கிவிடலாமா, நம் ஊர்த் தையற்காரரிடம் தைக்கக் கொடுக்கலாமா, நெட் விறைப்பாக நிற்க ஜவ்வரிசிக் கஞ்சி போடலாமா என்று கேட்கிறார்.

டூட்டூ என்பது பாலே ஆடும் பெண்கள் அணியும் பல அடுக்கு நெட் பாவாடை. ஆனால் கடையில் நீங்கள் பார்த்தது பிறந்தநாளுக்கு அணிவிக்கும் உடை. எலாஸ்டிக் பட்டியில் நெட்டைச் சுருக்கித் தைத்திருப்பார்கள். நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள அது போதும். ஆனால் ஆடுகிற பெண் காலை இடுப்புக்கு மேல் உயர்த்தும்போதும் ஒற்றைக்காலில் சுழலும்போதும் அந்தப் பட்டி மேலேறி, பாவாடை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். தட்டுப் போலக் கிடையாக விரிந்து நிற்கும் பாலே டூட்டூவில் பத்து முதல் பதின்மூன்று அடுக்கு நெட் இருக்கும். அந்த அடுக்குகள் இடுப்பில் அல்ல, உள்ளே அணியும் நிக்கரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. தொடையை ஒட்டிய அடுக்கு இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். மேலே வர வர நீளம் கூடும். பின்னர் நீளமான இழைகளை ஆங்காங்கே கையால் ஓட்டி, அடுக்குகளைத் தளர்வாக ஒன்றோடொன்று பிணைப்பார்கள். தேவையானால் நடு அடுக்கில் மெல்லிய எஃகு வளையம் ஒன்றையும் நுழைப்பார்கள். இத்தனை வேலையும், ஆடுகிறவளின் கால் முழுவதும் தெரிய வேண்டும், உடை அவளோடு சேர்ந்தே அசைய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது.

இருப்பினும், உங்கள் மகளுக்கு இந்தத் தட்டு வடிவம் வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. 1832-ஆம் ஆண்டு பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ என்னும் பாலேயில் மேரி தாலியோனி அணிந்த, கெண்டைக்கால் வரை இறங்கும் மணி வடிவ வெள்ளைப் பாவாடையிலிருந்து வந்தது அது. அதற்கு மென்மையான நெட்டில் நான்கைந்து அடுக்கு போதும், வளையம் தேவையில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் முழங்கால் இன்னும் முழுமையாக நிமிராதபோது, அந்த நீளம் குறையை மறைத்துக் கையசைவையும் தலைச்சாய்வையும் முன்னால் கொண்டுவரும். அன்ன வேடத்துக்கு இறகு போன்ற வெள்ளைத் துண்டுகளை இடுப்பின் இருபுறமும் வைத்துத் தைத்தால் நிறைவாக இருக்கும்.

கஞ்சி பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடும் ஊரில் பிறந்தவருக்குத்தான் அது தோன்றும். பருத்தி மஸ்லினில் பாலே உடை தைத்த காலத்தில் உண்மையாகவே கஞ்சிதான் விறைப்புக் கொடுத்தது. ஆனால் இன்று கடையில் கிடைப்பது நைலான் நெட். அதன் விறைப்பு இழையிலேயே இருக்கிறது, கஞ்சியை அது உறிஞ்சுவதில்லை. மேலே படிந்த கஞ்சி காய்ந்தபின் வெள்ளைப் பொடியாக உதிரும். தவிரவும், சேலத்து வெயிலில் மொடமொடவென்று நிற்கும் கஞ்சித் துணி, ஏற்காட்டு மூடுபனியில் ஒரே மாலையில் துவண்டுபோகும். விறைப்பு வேண்டுமென்றால் உள் அடுக்கு இரண்டை மட்டும் லெஹங்காவுக்குப் போடும் கேன்கேன் நெட்டில் தைக்கச் சொல்லுங்கள். தோலில் உராயாதபடி அதன் அடியில் பருத்தி லைனிங் கட்டாயம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1862-இல் பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்கலைஞரின் பாவாடை ஒத்திகையின்போது மேடையின் எரிவாயு விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. பல மாதம் துன்பப்பட்டு, 1863-இல் இருபது வயதில் அவர் இறந்தார். தீப்பிடிக்காமலிருக்க உடையை மருந்தில் நனைக்கும் முறை அன்றே இருந்தது. ஆனால் அது துணியைப் பொலிவற்றதாக்குகிறது என்று அவர் ஏற்கவில்லை. நைலான் நெட் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நம் விழாக்களில் மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரிகிறது. பிறந்தநாளில் குழந்தை இதே நெட் உடையோடு மெழுகுவத்திமேல் குனிகிறது. குத்துவிளக்கை நடனம் தொடங்குவதற்கு முன் மேடையிலிருந்து அகற்றிவிடும்படி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நம் ஊரில் தைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். பரதநாட்டிய உடைக்கு விசிறி மடிப்பு எடுத்துத் தைக்கிற ஒருவரிடம் கொடுங்கள். அரைமண்டியில் அமரும்போது விசிறி எவ்வளவு விரிய வேண்டும் என்று கணக்கிட்டுத் தைக்கும் கைக்கு, காலை உயர்த்தும்போது நெட் எப்படி விழும் என்பது உடனே புரியும். இவ்விரு நடனங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் பரதம் கற்பதற்கு முன்பே பாலே கற்றவர். ரஷ்ய நடனக்கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குக் கற்பித்தார். உங்கள் நாட்டு நடனத்தையும் தேடுங்கள் என்று பாவ்லோவா கூறியதே அவரைப் பரதத்தின் பக்கம் திருப்பியது.

காலணியைப் பொறுத்தவரை, மெல்லிய தோல் அல்லது கேன்வாஸ் பாலே ஷூ மட்டும் போதும். விரல் நுனியில் நிற்கும் பாயின்ட் ஷூவைச் சில ஆண்டுப் பயிற்சிக்குப் பின், ஏறத்தாழ பதினொன்று பன்னிரண்டு வயதில், ஆசிரியர் சொன்னால் மட்டுமே வாங்க வேண்டும். கெண்டைக்காலை மூடும் கம்பளி லெக்வார்மரை வெறும் நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். ஏற்காட்டின் மார்கழிக் காலையில் தசை இறுகாமலிருக்க அது உண்மையில் உதவும்.

தையற்காரரிடம் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். நிமிர்ந்து நிற்கும் அளவோடு, மூச்சை முழுவதும் இழுத்தபோது மார்பளவையும், ஒரு பக்கமாகக் காலை உயர்த்தியபோது இடுப்பிலிருந்து கவட்டை வரையிலான அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். மேலங்கியைப் பாவாடையோடு சுற்றிலும் இறுகத் தைத்துவிடாமல் சில இடங்களில் மட்டும் இணைத்து, முதுகில் இரண்டு வரிசைக் கொக்கி வைத்தால், அடுத்த ஆண்டும் அவளுக்கு அது பொருந்தும்.