மைக் முன் ஒரு மனை வணிகர்: பில்லி பாக்கர்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஒருவன் மேடை ஏறினால் மைக்கேல் ஜோர்டனைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். ஜோர்டன் இந்த ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுவார். 1982இல் அவர் ஜார்ஜ்டவுனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அந்த வெற்றிப் பந்தைப் போட்டபோது, மைக் முன் உட்கார்ந்து அதை அலசிக்கொண்டிருந்த பில்லி பாக்கரைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். கல்லூரி ஆட்டக்காரர், பிறகு மனை வணிகர், அதன்பின் வர்ணனையாளர். 1975 முதல் 2008 வரை தொடர்ந்து 34 ஆண்டுகள், கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்றை ஒருமுறைகூடத் தவறவிடாமல் தொலைக்காட்சியில் வர்ணித்தவர். 2023 ஜனவரியில் வட கரோலினாவின் சார்லட் நகரில் 82 வயதில் காலமானார். இடையிலே நிறையப் பேரின் கோபத்தைச் சம்பாதித்தார். எனக்கு அவரிடம் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிறந்தது 1940இல், நியூயார்க் மாநிலத்தில். வளர்ந்தது பென்சில்வேனியாவின் பெத்லகேமில். எஃகு ஆலைக்குப் பேர்போன ஊர். தந்தை அங்கே லீஹை பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆகவே பையனுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. 1958இல் அவர் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் இருந்த வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்குப் படிக்கப் போனார். இந்த ஊரைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

புகையிலை ஊர் அது. வின்ஸ்டன், சேலம் என்ற பெயர்களிலேயே சிகரெட்டுகள் விற்றன. வேக் ஃபாரஸ்ட் கல்லூரியே ரெனால்ட்ஸ் புகையிலைக் குடும்பத்தின் பணத்தில்தான் 1956இல் அங்கே இடம்பெயர்ந்து வந்தது. வெள்ளையருக்கு மட்டுமான கல்லூரி. அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் கறுப்பின மாணவர்களுக்கான வின்ஸ்டன்-சேலம் ஆசிரியர் கல்லூரி இருந்தது. அங்கே பயிற்சியாளர் கிளாரன்ஸ் கெயின்ஸ். ஆஜானுபாகுவான உருவம் என்பதால் ‘பிக் ஹவுஸ்’ என்றே அவரை அழைத்தார்கள். அவரிடம் கிளியோ ஹில் என்ற ஆட்டக்காரர் இருந்தார். எந்தக் கையாலும், எந்தக் கோணத்திலிருந்தும் பந்தைக் கூடையில் சேர்க்கக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர். ஒரே ஊரில் இரண்டு நல்ல அணிகள். ஆனால் இவர்கள் அவர்களோடு ஆட முடியாது. யாரும் அதை விசித்திரமாக நினைக்கவும் இல்லை.

பாக்கர் நினைத்தார். ஹில் ஆடுவதைப் பார்க்க அவர் அந்தக் கல்லூரி அரங்குக்கே போய் உட்கார்ந்தார். அங்கே இருந்த ஒரே வெள்ளை முகம் அவருடையது. பார்த்ததோடு நிற்கவில்லை. இரண்டு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஆட ஏற்பாடு செய்தார். சீட்டு கிடையாது, கூட்டம் கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பயிற்சி ஆட்டங்கள். இது 1960ஐ ஒட்டிய காலம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில், அதே ஊரின் ஓர் உணவுக் கடையில் கறுப்பின மாணவர்களோடு ஒன்றாக உட்கார்ந்த குற்றத்துக்காக வேக் ஃபாரஸ்டின் வெள்ளை மாணவர்கள் பத்துப் பேர் கைதானார்கள். தங்கள் கல்லூரிக்கு முதல் கறுப்பின மாணவரை வேக் ஃபாரஸ்ட் சேர்த்ததே 1962இல்தான், அதுவும் கானாவிலிருந்து வந்த ஒருவரை.

பாக்கரைப் புரட்சியாளர் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக ஆடுகிறவனோடு ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசை போதுமானதாக இருந்தது.

ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உயரம் குறைந்த, சூட்டிகையான ‘கார்டு’, அதாவது பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துகிறவர். பயிற்சியாளர் போன்ஸ் மெக்கினி, பாப்டிஸ்ட் சபைப் போதகரும்கூட. 1961, 1962 இரண்டு ஆண்டுகளும் அட்லாண்டிக் கரை மாநாட்டுப் பட்டம். மாநாடு என்பது அங்கே கல்லூரி அணிகளின் வட்டார லீக். 1962இல் கடைசி நால்வர் சுற்று. ஒகையோ ஸ்டேட்டிடம் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜான் வூடனின் யு.சி.எல்.ஏ. அணியை வென்றார்கள். அதற்குப் பிறகு வேக் ஃபாரஸ்ட் அந்தச் சுற்றின் வாசலை மிதிக்கவே இல்லை.

1960களின் பிற்பாதியில் அதே கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு பயிற்சித் தொழிலை விட்டு வணிகத்துக்குப் போனார். 1972இல் ஒரு வட்டார ஒளிபரப்புக்கு ஆள் குறைந்தது. வர முடியுமா என்று கேட்டார்கள், போனார். இரண்டே ஆண்டில் என்.பி.சி., 1981இல் சி.பி.எஸ்., இரண்டும் நாடு தழுவிய தொலைக்காட்சி நிறுவனங்கள். ஆனால் மனை வணிகத்தை அவர் கைவிடவில்லை. தொலைக்காட்சியைப் பக்கத் தொழிலாகவே நடத்தினார். என் வாதம் இதுதான்: மைக் அவருக்குச் சோறு போடவில்லை. அதனால் யாருக்காகவும் வார்த்தையை மென்று விழுங்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை.

அமெரிக்க ஒளிபரப்பில் ஒருவர் ஆட்டத்தின் போக்கைச் சொல்வார், இன்னொருவர் அது ஏன் அப்படி நடந்தது என்று சொல்வார். பாக்கர் இரண்டாமவர். என்.பி.சி.யில் டிக் என்பர்க் போக்கைச் சொல்ல, பாக்கரும் அல் மெக்குயரும் இரு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். மெக்குயர் 1977இல் மார்க்வெட் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகப் பட்டம் வாங்கித் தந்த கையோடு வந்தவர், கதை சொல்லி. பாக்கர் கணக்குப் பிள்ளை. அந்த மூவர் கூட்டுதான் 1979இல் மேஜிக் ஜான்சனின் மிஷிகன் ஸ்டேட்டும் லாரி பேர்டின் இந்தியானா ஸ்டேட்டும் மோதிய இறுதி ஆட்டத்தை வர்ணித்தது. தொலைக்காட்சி உள்ள வீடுகளில் நூற்றுக்கு எத்தனை பார்த்தன என்று சொல்லும் மதிப்பெண்ணில் அது பெற்ற 24.1ஐ அமெரிக்காவில் வேறெந்தக் கூடைப்பந்து ஒளிபரப்பும் தாண்டவில்லை. 33 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அங்கே வந்திருந்தது இந்தியானா ஸ்டேட். அந்த அணிக்கு முதலிடம் தகுமா என்று பருவம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாக்கர். இறுதியில் 75-64 என்று தோற்றது. கணக்கு சரிதான்.

எப்போதும் சரியாக வரவில்லை. 2004இல் செயின்ட் ஜோசப்ஸ் என்ற சிறிய கல்லூரிக்குப் போட்டியின் தரவரிசையில் முதல் வரிசை கொடுத்ததைச் சாடினார். அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் ஃபில் மார்ட்டெல்லி பகிரங்கமாகப் பொங்கினார். அந்த அணியோ கடைசி எட்டுக்குள் வந்து காட்டியது. 2006இல் சிறிய மாநாடுகளின் அணிகளுக்கு இத்தனை இடமா என்று தேர்வுக் குழுத் தலைவரையே நேரலையில் குடைந்தார். அந்த ஆண்டு, தரவரிசையில் பதினோராம் வரிசையில் இருந்த ஜார்ஜ் மேசன் என்ற கல்லூரி மிஷிகன் ஸ்டேட், வட கரோலினா, கனெக்டிகட் என்று ஜாம்பவான்களை வரிசையாகச் சாய்த்து கடைசி நால்வரில் நின்றது. இதில் எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. கணிப்பு பொய்க்கும். பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தின் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் போட்டியை நடத்துகிறவரையே கேள்வி கேட்பவர்கள் எத்தனை பேர்? நம் கிரிக்கெட் வர்ணனைகளைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வருத்தம் வேறு இடத்தில். 1996இல் ஒரு நேரலையில், ஜார்ஜ்டவுனின் கறுப்பின ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சனை மெச்சுவதாக நினைத்துக்கொண்டு ‘முரட்டுக் குரங்கு’ என்றார். அந்த ஆட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டார். ஐவர்சனின் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன், அவரும் கறுப்பினத்தவர், எளிதில் யாரையும் விட்டுவிடாதவர், பாக்கருக்கு ஆதரவாகப் பேசினார். 2000இல் டியூக் பல்கலைக்கழக வாசலில் அனுமதிச் சீட்டைக் கேட்ட மாணவிகளிடம், ஆண்கள் ஆட்டத்துக்கு யாரை விடுவது என்பதைப் பெண்கள் தீர்மானிப்பது எப்போதிருந்து என்று கேட்டார். அதற்கும் மன்னிப்பு. கெயின்ஸின் அரங்குக்குத் தனியாகப் போன இளைஞன் இப்படிப் பேசலாமா என்று கேட்கலாம். நான் பொருத்திப் பார்த்தேன், பொருந்துகிறது. அன்று ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதவர், பிறகும் யோசிக்கவில்லை. ஊருக்கு அஞ்சாதது அன்று நல்லதாயிற்று. எதிரில் நிற்கும் மாணவியைப் பற்றியும் யோசிக்காதது வெறும் திமிர்.

2008இல் சான் அன்டோனியோவில் அரையிறுதி. முதல் பாதியிலேயே கான்சாஸ் 38, வட கரோலினா 12. இந்த ஆட்டம் முடிந்துவிட்டது என்று பாக்கர் நேரலையில் அறிவித்தார். ரசிகர் அலைவரிசையை மாற்றிவிடாமல் பிடித்து வைக்கத்தானே நிறுவனம் கோடி கோடியாகக் கொட்டுகிறது! பிற்பாதியில் கரோலினா நான்கு புள்ளி வரை நெருங்கிவந்து எல்லோர் வயிற்றையும் கலக்கியது. கடைசியில் கான்சாஸ் 84-66 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தையும் வர்ணித்தார். அதுவே அவருடைய கடைசி என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஜூலையில்தான் அறிவிப்பு வந்தது. அடுத்த மார்ச்சில் அந்த இடத்தில் கிளார்க் கெல்லாக் உட்கார்ந்தார். பாக்கர் வணிகத்துக்குத் திரும்பினார் என்று சொல்ல முடியாது. அதை விட்டு அவர் எங்கும் போயிருக்கவில்லை.